திருவாசகம் சிம்பொனி ஒலிப்பதிவு: வட சிலாங்கூர்த் தோட்டத்துச் செவிகளின் வழி ஒரு மதிப்பீடு

முன்னுரை

இளையராஜாவின் 'திருவாசகம் இன் சிம்பொனி' ஒலிப்பதிவு 2005ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வெளிவந்தது. திருவாசகத்தின் 51 பகுதிகளுள் யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய ஆறிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்கள், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் இசையோடு அதில் இடம்பெற்றுள்ளன. சிவபுராணப் பகுதியில் அமெரிக்க இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகளும் இடையிடையே வருகின்றன.

இவ்வொலிப்பதிவு பற்றி நம் செவிக்கு எட்டிய பேச்சுகளுள் பெரும்பாலானவை இரண்டு வினாக்களுள் அடங்கிவிடும். இது முறையான சிம்பொனிதானா என்பது ஒன்று. இதனால் தமிழுக்கு என்ன பெருமை என்பது மற்றொன்று. 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இலண்டனில் அரங்கேற்றியபோதும் இவ்விரு வினாக்களே மீண்டும் எழுந்தன. ஒலிப்பதிவில் கேட்பது என்ன, அது மூலநூலின் சொல்லை என்ன செய்கிறது என்னும் மூன்றாம் வினா பெரிதும் தீண்டப்படாமலேயே உள்ளது. இக்கட்டுரை அதனை எடுத்துக்கொள்கிறது.

இதன்பொருட்டு இவ்வொலிப்பதிவை நாம் இருமுறை முழுமையாகக் கேட்டோம். முதன்முறை, நல்ல காதணி ஒலிபெருக்கியின் துணையோடு தனித்துக் கேட்டோம். இரண்டாம் முறை, கோலசிலாங்கூர் மாவட்டத்தில், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர்மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில், சில தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களோடும் தோட்டத்து முதியோரோடும் அமர்ந்து, ஒரு சிறிய ஒலிபெருக்கியின் வழிக் கேட்டோம். இரண்டிடத்தும் கேட்டவை ஒன்றாக இருக்கவில்லை. அவ்வேறுபாடே இம்மதிப்பீட்டின் அடிப்படையாகும்.

1. பெயர் பற்றிய சிக்கல்

முதலில் பெயரைச் சுருக்கமாக நோக்குவோம். நான்கு பகுதிகளைக் கொண்டு, பல்லியத்திற்கு மட்டுமே எழுதப்பெறும் இசைவடிவமே சிம்பொனி என்றும், சமயப் பாடலைத் தனிக்குரலும் சேர்ந்திசையும் பாடுவதால் இதனை ஒரட்டோரியோ என்றே கொள்ளவேண்டும் என்றும் கூறுவாருளர். பாடநூல் இலக்கணப்படி அவர்கள் கூற்றில் பிழையில்லை. ஆயினும் மேலைநாட்டு இசையின் பிற்காலப் புனைவியல் மரபு அவ்வரம்பை முன்னரே கடந்துவிட்டது.

பாரிஸ் நகரின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் 1870 முதல் 1933 வரை ஆர்கன் இசைத்த விதோர், அவ்வொரு கருவிக்கென்றே பத்துப் படைப்புகளை எழுதி, அவற்றிற்குச் சிம்பொனி என்றே பெயரிட்டார். 1862இல் கவையே-கோல் புதுக்கியமைத்த அத்தேவாலயத்து ஆர்கனே ஒரு முழுப் பல்லியம் போல ஒலித்தமை அதற்குக் காரணமாகும். மாலரின் எட்டாம் சிம்பொனி (1910) இலத்தீன் மொழித் துதிப்பாடலையும் ஜெர்மானியக் கவிஞர் கேத்தேயின் நாடகப் பகுதியையும் முழுவதும் குரலால் பாடச் செய்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'சங்கீதங்களின் சிம்பொனி' (1930) விவிலியப் பாடல்களைச் சேர்ந்திசையாக்கியது. இவற்றைச் சிம்பொனி என ஏற்கும் செவி, திருவாசகத்திற்கு மட்டும் அப்பெயரை மறுப்பதற்குத் தக்க காரணம் இல்லை. எனவே பெயர் வழக்கை ஈண்டு முடித்துக்கொண்டு, மாலரும் ஸ்ட்ராவின்ஸ்கியும் எதிர்கொண்ட மெய்யான சிக்கலுக்கு வருவோம். தனக்கென ஓசையும் நடையும் உடைய ஒரு பழம்பாடல், பல்லியத்தின் காலக்கணக்கினுள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதே அச்சிக்கல்.

2. ஒலிப்பதிவின் இடம்

பல்லிய இசையும் ஆர்கன் இசையும் இடத்தைச் சார்ந்தவை. ஆர்கனை அது நிற்கும் கட்டடத்திலிருந்து பிரிக்க இயலாது. விதோரின் இசையைப் பதிவு செய்வோர் குழல்களின் ஒலியோடு, கல்மண்டபத்தில் அவ்வொலி தங்கித் தேயும் காலத்தையும் சேர்த்தே பதிவு செய்கின்றனர். நம் நாட்டிலும் இதனை உணர வாய்ப்புண்டு. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திறக்கப்பெற்ற பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்தில், ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் அமைத்த, ஏறத்தாழ 3000 குழல்களைக் கொண்ட ஆர்கன் உள்ளது. மலேசியப் பில்ஹார்மோனிக் இசைக்குழு கீஸ் பேக்கல்ஸ் தலைமையில் பதிவு செய்த ரிம்ஸ்கி-கோர்சகோவ் படைப்புகளைக் கேட்போர், கருவிகள் யாவும் ஒரே மண்டபத்துக் காற்றில் நிற்பதை உணர்வர்.

திருவாசகம் ஒலிப்பதிவின் அமைப்பு வேறு. பல்லியம் புடாபெஸ்டில் பதிவாயிற்று. குரல்கள் வேறிடங்களில் பதிவாகிப் பின்னர் இணைக்கப்பட்டன. இதன் விளைவு காதணி ஒலிபெருக்கியில் தெளிவாகத் தெரிகிறது. நரம்புக் கருவிகள் ஒரு பெரிய கூடத்தின் தொலைவில் ஒலிக்க, இளையராஜாவின் குரல் செவியருகே நின்று பேசுகிறது. மாலரின் குரல்கள் பல்லியத்தின் நடுவில் நின்று, அதனோடு போராடி மேலெழுபவை. இங்கோ குரலுக்குப் போராட்டமில்லை. திரைப்பாடல் ஒலிப்பதிவில் போல அது முன்னரே வென்றிருக்கிறது.

இதனைக் குறையென்று மட்டும் கூறிவிட இயலாது. திருவாசகத்தின் பெரும்பகுதி ஓர் அடியவர் தம் இறைவனோடு தனித்துப் பேசும் பேச்சு. அருகிருந்து ஒலிக்கும் குரல் அதற்குப் பொருந்துவதே. பிடித்த பத்தில் இந்நெருக்கம் மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. பல்லியம் அடங்கி நிற்கச் சொல் முன்வருகிறது. ஆனால் சேர்ந்திசை எழும் இடங்களில் இவ்வமைப்பு தடையாகிறது. பலர் கூடிப் பாடும்போது அவர்கள் கூடிநிற்கும் ஓரிடத்தைச் செவி தேடுகிறது. ஒலிப்பதிவு அதனைக் காட்டவில்லை. யாத்திரைப்பத்தில் அடியார் கூட்டம் ஒருங்கே புறப்படும் எழுச்சி மெட்டில் இருக்கிறது. ஒலியின் வெளியில் இல்லை.

பல்லியம் பற்றிய தமிழ்மரபுக் கருத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் இயைகின்றன. ஒன்றன்வழி ஒன்று நிற்பதே அங்குக் காணும் ஒழுங்கு. மேலைநாட்டுப் பல்லியமோ ஒரே வேளையில் வெவ்வேறு மெட்டுகள் தத்தம் வழிச் சென்று சந்திப்பதில் இன்பம் காண்பது. 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் தியாகராசரையும் பாக்கையும் ஒருசேர நினைவுகூர்ந்த இளையராஜா இவ்விரண்டையும் நன்கறிந்தவர். திருவாசகத்தில் அவர் பெரும்பாலும் முதல் ஒழுங்கையே தெரிகிறார். குரலின் வழியே கருவிகள் நிற்கின்றன. சொல் சிதையாதிருக்க அவர் கொடுத்த விலை இது எனலாம்.

3. சிவபுராணமும் அதன் காலமும்

ஒலிப்பதிவின் மையம் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீளும் சிவபுராணப் பகுதியாகும். மூலம் 95 அடிகளாலான கலிவெண்பா. அது வாழ்த்தில் தொடங்கி, வெற்றி கூறி, போற்றி உரைத்து, அதன் பின்னரே அடியவரின் சிறுமையைச் சொல்லி, பிறவிகளின் அடுக்கிற்குள் செல்கிறது. இறைவனைப் பாடிய வாய்தான் பின்னர்த் தன்னைப் பற்றிப் பேசத் துணிகிறது. ஒலிப்பதிவு இவ்வரிசையை மாற்றி, அடியவர் தம்மை நொந்துகொள்ளும் இடத்திலேயே தொடங்குகிறது.

இம்மாற்றத்தை நாம் முதன்முறை கேட்டபோது பெரிதாகக் கருதவில்லை. பிற்காலப் புனைவியல் சிம்பொனிகளில் தனிமனிதனின் இடர்ப்பாட்டில் தொடங்கி ஒளியை நோக்கிச் செல்வது பழகிய பாதை. செவி அதனை இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில்தான் அதன் பொருள் விளங்கிற்று.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் சிவபுராணம் முதன்மையாக இறப்பு வீட்டில் ஓதப்படுவது. பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் உழைத்து ஓய்ந்தவரை வழியனுப்பும்போது உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து ஓதுவர். அன்று எம்மோடு அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் நூலைப் பாராமல் ஓத வல்லவர். இசை தொடங்கியதும் அவர் வாழ்த்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. பிறவிகளின் அடுக்கு தொடங்கியபோது அவருடைய உதடுகள் தாமே அசையலாயின. ஒலிப்பதிவு ஒரு பிறவியில் நின்று, மீண்டும் கூறி, ஆங்கில வரிகளுக்கு இடம் விட்டு, மறுபடி தொடர்ந்தது. அம்மையாரோ நிற்கவில்லை. ஒலிப்பதிவு அவ்வடுக்கை முடிப்பதற்குள் அவர் நெடுந்தொலைவு சென்றிருந்தார். பின்னர் எம்மிடம், "நல்லாத்தான் பாடுறாரு வாத்தியாரே, ஆனா நின்னு நின்னு போவுது. நாம ஓதுறப்ப நிக்க மாட்டோம், நின்னா அழுகை வந்துரும்" என்றார்.

இக்கூற்றை ஓர் இசைத் திறனாய்வாகவே நாம் கொள்கிறோம். கலிவெண்பா இடையில் முடிவு காட்டாது அடிதோறும் தொடர்ந்து செல்லும் யாப்பு. பிறவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடாது அடுக்கப்படுவதிலேயே அவற்றின் களைப்பு புலனாகிறது. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த நிலை ஓசையாகவே அங்கு இருக்கிறது. சிம்பொனியின் காலம் வேறு. அது ஓர் உணர்ச்சியை எடுத்து, விரித்து, திருப்பிக் கூறி, உச்சத்திற்குக் கொண்டுசெல்வது. முன்னது ஓதுவாரை அழுகையிலிருந்து காக்கிறது. பின்னது கேட்பாரை அழுகைக்கு அழைத்துச் செல்கிறது. ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் அயல்மொழியாருக்கு ஒரு வாயில் திறந்துவிடுகின்றன என்பது மெய்யே. ஆயினும் தமிழ்ச் செவிக்கு அவை பிறவியடுக்கின் ஓட்டத்தை நிறுத்தி விளக்கம் கூறுவனவாக அமைந்துவிடுகின்றன.

4. தோட்டத்துச் செவிகள்

கோலசிலாங்கூர் வட்டாரம் நெடுங்காலமாகவே உலக வணிகத்தோடு பிணைந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி பொக்கோனியே, தம் மலாயா வாழ்வை நாவலாக்கி 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார். தோட்டத்திற்குத் தமிழ்ப்பெயர் அமைந்தது. அங்கு உழைத்தோர் தம் இசையையும் உடன் கொண்டுவந்தனர்: உருமி, உடுக்கை, பசனைக்கு ஆர்மோனியப் பெட்டி. இவ்வார்மோனியம் 1842இல் பாரிஸில் தெபேன் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது. உலோக நாக்குகளால் ஒலிக்கும் அது ஆர்கனின் எளிய உறவு. எனவே தோட்டத்துச் செவிக்கு மேலையிசைக் கருவி முற்றிலும் அந்நியம் என்பது பொருந்தாது. ஆர்கனின் பேருருவம் தொலைவில் கோலாலம்பூரில் இருக்க, அதன் சிறுவடிவம் கோயில் மண்டபத்தின் மூலையிலேயே இருந்துவருகிறது.

சிறிய ஒலிபெருக்கியில் இவ்வொலிப்பதிவைக் கேட்டபோது பல்லியத்தின் அடித்தள ஒலிகள் ஏறத்தாழ மறைந்தன. ஆர்கன் பதிவுகளுக்கு நேர்வதும் இதுவே. 32 அடிக் குழல் நொடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வுகளே எழுப்புவதால், அதனைச் சிறு ஒலிபெருக்கி தருவதில்லை. விதோரை அவ்வாறு கேட்டால் படைப்பின் பாதியை இழப்போம். திருவாசகமோ அவ்வளவு இழக்கவில்லை. குரலும் சொல்லும் முழுமையாக எஞ்சின. ஒலிநாடாக் காலத்துச் செவிகளுக்காகப் பல்லாண்டு இசையமைத்தவரின் கைத்திறன் அது. செவியருகே நிற்கும் குரலை நாம் முன்னர் ஐயத்தோடு நோக்கினோம். அம்மண்டபத்தில் அவ்வமைப்பே படைப்பைக் காத்தது.

அன்று அனைவரையும் ஒருங்கே ஈர்த்தது திருப்பொற்சுண்ணம். மூலத்தில் அது பொன்னிறச் சுண்ணம் இடிக்கும் மகளிர் பாட்டு. உழைக்கும் கைகளின் தாளம் அதன் யாப்பிலேயே உண்டு. ஒலிப்பதிவின் துள்ளல் நடை அதனை விட்டு விலகவில்லை. முன்பு பால்மரம் வெட்டிய பெண்கள் இருவர் தம்மையறியாமல் கைத்தாளம் இட்டனர். இங்கு மூலத்தின் காலமும் பல்லியத்தின் காலமும் ஒன்றாயின. சிவபுராணத்தில் பிரிந்து நின்றவை பொற்சுண்ணத்தில் பொருந்துவதற்குக் காரணம் வெளிப்படை: பின்னது தொடக்கத்திலேயே மீண்டும் மீண்டும் வரும் அசைவைக் கொண்ட பாடல், திருப்பிக் கூறுதலை இயல்பாகவே ஏற்பது.

நிறைவுரை

திருவாசகம் சிம்பொனி, சொல்லைக் காப்பதில் வெற்றி பெற்றுள்ளது; சொல்லின் காலத்தைக் காப்பதில் இடத்திற்கேற்ப வென்றும் தோற்றும் நிற்கிறது. பிடித்த பத்தும் திருப்பொற்சுண்ணமும் அதன் சிறந்த பகுதிகள். பெரிதும் போற்றப்படும் சிவபுராணப் பகுதி, பல்லியப் படைப்பாக வலிமை மிக்கதாயினும், மூலத்தின் வரிசையையும் ஓட்டத்தையும் மாற்றி வேறொரு படைப்பாகிறது. அதனைக் கேட்டு மகிழலாம். அதுவே சிவபுராணம் என மாணவருக்கு அறிமுகம் செய்தல் ஆகாது.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ரவாங் முதலிய நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவரும் இக்காலத்தில், நூல் பாராது ஓதவல்ல முதியோர் குறைந்துவருகின்றனர். ஒலிப்பதிவு எங்கும் கிடைக்கும். அவர்கள் ஓதும் நடை எழுதியும் வைக்கப்படவில்லை, பெரிதாகப் பதிவு செய்யப்படவும் இல்லை. வகுப்பில் இவ்வொலிப்பதிவை ஒலிக்கச் செய்யும் ஆசிரியர், அதே நாளில் ஊரில் ஓதத் தெரிந்த ஒருவரையும் அழைத்து 95 அடிகளையும் நிறுத்தாமல் ஓதச் செய்வாராயின், இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மாணவர் தம் செவியாலேயே அறிவர். அவ்வோதலைப் பதிவு செய்து வைக்கும் பணியை நம் துறை போன்றவை இனியும் தாழ்த்தலாகாது. எம்மோடு அமர்ந்திருந்த அம்மையாரின் ஓதலை, அவர் இசைவோடு, அன்று மாலையே கைப்பேசியில் பதிவு செய்துகொண்டோம். பின்னணியில் கோயில் மணியும் சாலையில் செல்லும் லாரியின் ஒலியும் கேட்கின்றன. அப்பதிவில் அவர் ஓரிடத்தும் நிற்கவில்லை.