லேபிளைக் குடித்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருடப் பழைய ஒயினை நான் குடித்ததில்லை, குடிக்கப் போவதுமில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு வேண்டிய எந்த உதிரிபாகமும் கிடைக்கும். 1945ஆம் வருடத்து போர்தோ கிடைக்காது. ஆனாலும் இரண்டு வாரமாக இதே நினைப்பு. காரணம், பெஞ்சமின் வாலஸ் எழுதிய ‘த பில்லியனேர்ஸ் வினிகர்’. 2008இல் வந்த புத்தகம், எனக்குக் கிடைத்தது இப்போதுதான்.

கதை இதுதான். 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. 1787ஆம் வருடத்து லஃபீத் சிவப்பு ஒயின் என்றார்கள். கண்ணாடியில் தாமஸ் ஜெஃபர்சனின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள் செதுக்கியிருந்தன. ஜெஃபர்சன் அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன் பாரிசில் தூதராக இருந்தவர், ஒயின் பித்தர். பாட்டிலைக் கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். பாரிசில் சுவர் வைத்து அடைத்த நிலவறை ஒன்றில் கிடைத்தது என்றார். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம் அதை விளக்கு வெளிச்சத்தில் காட்சிக்கு வைத்தது. சூட்டில் தக்கை சுருங்கி ஒயினுக்குள்ளேயே விழுந்துவிட்டது!

சிவப்பு ஒயின் பழசானால் என்னதான் ஆகும்? திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், நிறப்பொருளோடு கூடி அடியில் வண்டலாகப் படியும். ஊதா மங்கிச் செங்கல் நிறமாகும், பிறகு பழுப்பு. பழ வாசனை போய்க் காய்ந்த இலை, தோல், காளான் வாசனை வரும். இதுவும் நல்ல ஒயினுக்கு மட்டும்தான். பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடித்துத் தீர்க்கவே செய்யப்படுபவை. இருட்டில், 12, 13 டிகிரி குளிர்ச்சியில், ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். நம்ம ஊர் ஓட்டு வீட்டுப் பரணில் போட்டு வைத்தால் நாலு கோடை தாண்டாது.

இங்கேதான் எனக்கு முதல் கேள்வி வந்தது. 1787 ஒயின் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கு நாக்கு இருக்கிறது? சிறுவாணித் தண்ணியின் ருசி எனக்குத் தெரியும் என்று ஒரு கோயமுத்தூர்க்காரர் சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்ளலாம். அவர் தினமும் குடிக்கிறார். 1787ஐ தினமும் குடித்தவர் யார்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாட்டில் வேண்டும். அந்த இன்னொன்றையும் ரோடன்ஸ்டாக்தான் கொண்டுவருகிறார் என்றால்?

அவர் 1995இல் மியூனிக்கில் வைத்த விருந்தில், 1921 பெத்ரூஸ் ஒயினுக்கு ராபர்ட் பார்க்கர் 100க்கு 100 போட்டார். பார்க்கர் உலகமே மதித்த விமர்சகர். ருசி தெரியாதவர் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, சொல்லவும் வரவில்லை. ஆனால் நாக்கு தனியாக வேலை செய்வதில்லை. 2001இல் வெளிவந்த ஒரு போர்தோ ஆய்வில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் ருசியில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளைத்தான் அவர்கள் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது.

சரி, உண்மை எப்படி வெளியே வந்தது? குடித்துப் பார்த்து அல்ல. 1988இல் நான்கு ‘ஜெஃபர்சன்’ பாட்டில்களைச் சுமார் ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார் பில் கோக் என்ற கோடீஸ்வரர். 2005இல் ஒரு கண்காட்சிக்காக ஆதாரம் தேடியபோது, ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ இல்லத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, இவை அவருடையவை என்பதற்குச் சான்றில்லை என்றது. ஜெஃபர்சன் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். அந்தக் கணக்குகளில் இந்த பாட்டில்கள் இல்லை. ஒயினில் சீசியம்-137 இருக்கிறதா என்று மூடியைத் திறக்காமலே சோதித்தார்கள். அணுகுண்டு யுகத்துக்குப் பிறகுதான் அது காற்றில் கலந்தது. இல்லை என்று வந்தது. அப்படியானால் ஒயின் ஓரளவு பழசு. 1787தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. கடைசியில் செதுக்கிய எழுத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் காலால் மிதித்துச் சுழற்றும் செப்புச் சக்கரம் ஒரே இடத்தில் நிற்கும், பாட்டிலைத்தான் நகர்த்துவார்கள். கோடு தடித்தும் மெலிந்தும் வரும். இந்த எழுத்துகளோ ஒரே சீராக, பல் டாக்டரின் டிரில் போன்ற மின்கருவியால் போட்டது போல இருந்தன.

இதை எங்கள் தெருவில், முப்பது வருடம் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. “பொருள் நகர்ந்தா கோடு ஒரு தினுசு, டூல் நகர்ந்தா வேற தினுசு. கோட்டைப் பாத்தாலே தெரியும் மாப்ள. இதுக்குப் போயி எதுக்குக் குடிச்சுப் பாக்கோணும்?”

கோக் 2006இல் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 2010இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. தான் ஏமாற்றவில்லை என்றே சொல்லிவந்தவர் 2018இல் இறந்தார். தீர்ப்புக்கு முன்பே வந்த புத்தகம் என்பதால் வாலஸின் முடிவு கொஞ்சம் தொங்கலாக நிற்கிறது. காகிதத்தையும் கருவித் தடத்தையும் அவர் பின்தொடரும் பக்கங்கள் அருமை. நடுவில் வரும் பணக்கார விருந்து வர்ணனைகள் அலுப்பு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏலம் நடத்திய மைக்கேல் பிராட்பென்ட் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்து, 2009இல் பதிப்பகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது; அங்கே புத்தகத்தை விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அவர் தெரிந்தே செய்தார் என்று நானும் நினைக்கவில்லை. தெரியாமலே நடக்கும் என்பதுதான் விஷயம்.

இது புது வியாதியும் இல்லை. ரோமில் கி.மு. 121இன் ஒப்பிமிய மதுவுக்குப் பெரிய பேர். ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்துப் பிளினி எழுதுகிறார்: அது தேன் போலக் கெட்டியாகிக் கசந்துவிட்டது, வேறு மதுவில் துளி சேர்க்கத்தான் உதவும் என்று. பெட்ரோனியஸின் கதையில் புதுப்பணக்காரன் டிரிமால்கியோ ‘ஒப்பிமிய மது, நூறு வயது’ என்று லேபிள் கட்டி விருந்து வைக்கிறான். கதை நடக்கும் நீரோ காலத்துக்குக் கணக்குப் போட்டால் நூற்று எண்பதுக்கு மேல் வர வேண்டும்!

இவ்வளவு சிரித்த பிறகு எனக்கே உறுத்தியது. வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் கிடைத்த சீமைக்காரன் நான். சில வருடம் முன்பு ஒரு கூட்டத்தில், பாண்டியன் நன்மாறன் குடித்தது ரோமின் மிக உயர்ந்த, பழமையான ஃபலெர்னிய மது என்று பேசிக் கைதட்டு வாங்கினேன். ஆதாரம் புறநானூறு 56 என்றேன். திரும்ப எடுத்துப் படித்தேன். நக்கீரர் அந்த மதுவின் பெயரையும் சொல்லவில்லை, வயதையும் சொல்லவில்லை. யவனர் கொண்டுவந்தது, குளிர்ந்தது, மணப்பது, அவ்வளவுதான். நாள்பட்டது என்ற பெருமையும் தேள் கொட்டியது போன்ற கடுப்பும், 392இல் ஔவையார் பாடும் தேறலுக்குத்தான்.

மண்ணுக்குள் இருந்து வந்த சாட்சியும் என் பக்கம் இல்லை. அரிக்கமேட்டுச் சாடி ஓடுகளில் கிரேக்கத் தீவான கோஸின் வகை நிறைய உண்டு. கோஸ் மது, கடல்நீர் சேர்த்துச் செய்வது. அதை இத்தாலியிலேயே தயாரிக்கும் முறையைக் கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். கோஸ் சாடியைப் பார்த்து இத்தாலியிலும் சாடி செய்தார்கள். நம் கரையில் இறங்கியதில் நகலும் இருந்திருக்கலாம். அதனால் நன்மாறனுக்கு என்ன குறை? மணமாகத்தான் இருந்திருக்கிறது.

பழசு என்று கேட்டதும் நாக்கு வேலையை நிறுத்திவிடுகிறது. ஒயினுக்கு மட்டுமல்ல, இரண்டாயிரம் வருடம் என்று நாம் மேடையில் நீட்டி முழக்கும்போதும் இதுதான் நடக்கிறது. நக்கீரர் மணந்ததைச் சொன்னார். நான் லேபிளை ஒட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடப் போகிறேன். கைதட்டு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.