பழைய வயர்லெஸ்ஸைக் கழற்றிவிடலாமா?

காவல், வனத்துறைகளின் வயர்லெஸ் கருவிகள் பழசாகிவிட்டன, கைப்பேசிக் கோபுரங்களையே நம்பலாம் என்கிறார்கள் சிலர். சமவெளி நகரங்களுக்கு அது பொருந்தலாம். போடிநாயக்கனூருக்கு மேலே பொருந்தாது.

வயர்லெஸ் ஏறத்தாழ 150 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளம் 2 மீட்டர். கைப்பேசிக்குரிய 1800 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 17 சென்டிமீட்டர். நீண்ட அலை மலைமுகட்டில் ஓரளவு வளைந்து இறங்கும். குறுகிய அலைக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் நிழல்தான். இதையும் மிஞ்சிய வசதி ஒன்று: இரண்டு வயர்லெஸ் கருவிகள், இடையில் கோபுரமே இல்லாமல் நேராகப் பேசிக்கொள்ளும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதே, அத்தகைய சரிவில் இறங்கித் தேடுபவருக்கு இது எவ்வளவு பெரிய துணை!

புதுக் கருவியில் ஒட்டுக்கேட்க முடியாத வசதி உண்டு, வாங்கட்டும். ஆனால், ஏலத்தோட்டச் சரிவுகளில் மழைக்காலம் முழுவதும் சோதித்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும்.