நரம்புக்கு ஏன் நாணம்?

ஆங்கில மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் 'புடெண்டல்' என்னும் அடைமொழியைக் காண்பர். இடுப்புக்குழியின் நரம்பொன்றும் தமனியொன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. அறிவியற் சொல்லன்றோ, அதில் மாசு இராது என்றே எவரும் எண்ணுவர். வேரைத் தோண்டினால் வெளிப்படுவது வேறு. 'புடேரே' என்னும் இலத்தீன் வினைக்கு வெட்கப்படுதல் என்று பொருள். அதனின்று பிறந்த 'புடெண்டும்' வெறும் வெட்கத்தைக் குறிப்பதன்று; "வெட்கப்பட்டே ஆகவேண்டியது" என்று கட்டளையிடும் சொல்! உறுப்பைக் காட்ட வந்த சொல் தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

கிரேக்கரும் நாணத்தைக் குறிக்கும் 'அய்டோஸ்' என்பதைக் கொண்டே அவ்வுறுப்புகளுக்குப் பெயரிட்டனர். ஆயினும் அந்நாளில் வெட்கம் இருபாலர்க்கும் பொது. 1895-இல் பாசல் நகரில் வகுக்கப்பட்ட உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலிலோ, 'புடெண்டும்' பெண்ணின் புற உறுப்புக்கே உரியதாக நின்றது. ஆணுக்கு விடுதலை, பெண்ணுக்கு வெட்கம்! எந்தக் கத்தியால் அறுத்து, எந்த நுண்ணோக்கியில் கண்டனர் அந்த வெட்கத்தை?

நரம்பின் கதை இன்னும் வேடிக்கை. அது ஆண், பெண் இருவர்க்கும் உண்டு. சிறுநீரையும் மலத்தையும் நாம் விரும்பி அடக்குவது அதன் துணையால். மகப்பேற்றின்போது அதனருகே மருந்து செலுத்தித் தாயின் நோவைத் தணிக்கின்றனர் மருத்துவர். இத்துணை நற்பணி புரியும் நரம்பு தோன்றும் இடம் எது? 'சேக்ரம்' எனும் எலும்பையொட்டிய 2, 3, 4-ஆம் நரம்புகளிலிருந்து. அந்த 'சேக்ரம்' என்பதன் பொருளோ புனிதம்! ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி உருவான துண்டுக்குப் புனிதப் பட்டம். அங்கிருந்து கிளைக்கும் நரம்புக்கு இழிபட்டம். உடலுக்குள்ளும் உயர்வு தாழ்வு வகுத்துவிட்டார்களே!

"இலத்தீன் யாருக்குத் தெரியும்? பெயர்தானே?" என்பார் உளர். செருமானிய மொழியில் இடுப்பின் முன்னெலும்புக்கு 'ஷாம்பைன்' என்றே பெயர். வெட்க எலும்பு என்பதே அதன் நேர்ப்பொருள். அங்குள்ள சிறுமிக்கு அகராதி வேண்டியதில்லை. நம் செய்தித்தாள்கள் எழுதும் 'மர்ம உறுப்பு' மட்டும் என்ன வாழ்ந்தது? செயலைச் சொல்லும் 'பிறப்புறுப்பு' கையிலிருக்க, மர்மம் எதற்கு?

2019-இல் வெளிவந்த உலக உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலின் இரண்டாம் பதிப்பு 'புடெண்டும்' என்பதை நீக்கியது. வரவேற்கிறோம். நரம்பின் பெயரையோ அப்படியே விட்டுவைத்தது. பழகிய பெயரை மாற்றினால் குழப்பம் வருமாம். பாசலில் ஏறத்தாழ 50,000 பெயர்களை ஏறத்தாழ 5,000 ஆகச் சுருக்கியவர்களும் மருத்துவர்களே. அன்று எந்த அறுவை மேசையும் கவிழவில்லை.