துணைத்தலைப்பு எனும் சிறுபாயிரம்: மன அழுத்தம் பற்றிய தன்முன்னேற்ற நூல்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு கவிதைக்கும் சிறுகதைக்கும் புதினத்துக்கும் தந்த இடத்தைத் தன்முன்னேற்ற நூல்களுக்குத் தந்ததில்லை. ஆயினும் புத்தகக் கடைகளில் அந்நூல்களுக்கெனத் தனி அடுக்குகள் உள்ளன. அவற்றை நாடிச் செல்லும் வாசகரும் பலர். அவர்களுள் மன அழுத்தம் பற்றிய நூலைக் கையில் எடுப்பவரின் நிலை சற்று வேறுபட்டது. சமையல் நூலையோ பயண நூலையோ ஒருவர் ஆர்வத்தால் வாங்குகின்றார். இவரோ பெரும்பாலும் தேவையால் வாங்குகின்றார். உறக்கம் கெட்டு, உண்ட உணவு செரிக்காமல், வீட்டாரிடம் காரணமின்றிச் சினந்து, அதன்பின் வருந்தி, ஏதேனும் ஒரு வழி கிடைக்காதா என்று தேடி வருபவர் அவர். தலைப்பு அவரை நிறுத்துகின்றது. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் உள்ள துணைத்தலைப்பே அவரை வாங்கச் செய்கின்றது. எனவே, இத்தகைய நூலுக்குத் துணைத்தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவர்ச்சி ஒன்றே அளவுகோலாகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிர மரபு தரும் அளவுகோல்

நூலின் முகப்பில் நின்று அதன் இயல்பை உணர்த்துவது பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவையாக நன்னூல் சுட்டுகின்றது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்ளும் கருத்தும் அதில் இடம்பெற்றுள்ளது. இக்கால நூலின் அட்டையில் ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் தனித்தனியே அமைந்துவிடுகின்றன. எஞ்சியவற்றுள் துணைத்தலைப்பு சுமக்க வேண்டியவை மூன்று: நூல் எதைப் பற்றியது, யாருக்கு உரியது, படித்தால் என்ன கிட்டும் என்பனவாகும். அதாவது நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை. இந்நோக்கில் துணைத்தலைப்பை ஒரு சிறுபாயிரம் எனலாம்.

நன்னூல் கூறும் பத்துவகைக் குற்றங்களுள் குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மயங்கவைத்தல் ஆகிய நான்கும் துணைத்தலைப்புகளில் அடிக்கடி தலைகாட்டுபவை. முன்னர்க் கூறிய மூன்று உறுப்புகளையும் இந்நான்கு குற்றங்களையும் அளவுகோலாகக் கொண்டு சில நூல்களை நோக்கலாம்.

மேலைநாட்டு நூல்கள் சில

தன்னுதவி என்னும் நூல்வகைக்கே பெயர் தந்த சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' 1859ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் துணைத்தலைப்பு, குணத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உரிய எடுத்துக்காட்டுகள் நூலில் உள்ளன என்று மட்டுமே அறிவித்தது. நுதலிய பொருள் அதில் உண்டு. பயன் பற்றிய வாக்குறுதி இல்லை. பிற்காலத்தில் இந்நூல்வகை வளர வளர, பொருளைச் சொல்லும் துணைத்தலைப்பு பயனைச் சொல்லும் துணைத்தலைப்பாக மாறியது.

அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கியின் 1994ஆம் ஆண்டு நூல், வரிக்குதிரைகளுக்கு ஏன் குடற்புண் வருவதில்லை என்னும் வினாவைத் தலைப்பாகக் கொண்டது. தலைப்பை மட்டும் காண்பவர் அதனை விலங்கியல் நூலென மயங்கக்கூடும். அழுத்தம், அது சார்ந்த நோய்கள், அவற்றைச் சமாளித்தல் ஆகியவற்றுக்கான வழிகாட்டி என்னும் துணைத்தலைப்பு அம்மயக்கத்தைத் தீர்த்துவிடுகின்றது. தலைப்பு வியப்பைத் தர, துணைத்தலைப்பு தெளிவைத் தருகின்றது. 2004ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் 'பாராட்டுப் பெற்ற' என்னும் அடைமொழி அதே துணைத்தலைப்பில் சேர்ந்தது. பொருளை உணர்த்த அந்த அடைமொழி ஒன்றும் செய்யவில்லை. விற்பனைக்கு மட்டுமே அது உதவும்.

ஜான் கபாட் ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அழுத்தத் தணிப்பு மருத்துவகம் ஒன்றைத் தொடங்கினார். அவரது 1990ஆம் ஆண்டு நூலான 'ஃபுல் கெட்டாஸ்டிரஃபி லிவிங்' அந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. உடலிலும் மனத்திலும் உள்ள அறிவைக் கொண்டு அழுத்தத்தையும் வலியையும் நோயையும் எதிர்கொள்ளுதல் என்பதே அந்நூலுக்கு நிலைபெற்ற துணைத்தலைப்பின் கருத்து. இதில் கருதத்தக்கது வினைச்சொல்லாகும். ஒழித்தல், வெல்லுதல் ஆகிய சொற்கள் இடம்பெறவில்லை. எதிர்கொள்ளுதல் என்பதே இடம்பெற்றுள்ளது. தீராத வலியுடன் வாழும் நோயாளிக்கும் பொய்க்காத சொல் அது.

இதற்கு மாறாக, கெல்லி மெகானிகல் 2015இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பு, அழுத்தம் உங்களுக்கு ஏன் நல்லது, அதில் எவ்வாறு தேர்ச்சி பெறுவது என்று அறிவிக்கின்றது. அழுத்தத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமே அதன் விளைவை ஓரளவு மாற்றும் என்னும் நூலின் வாதம் சிந்திக்கத்தக்கது. ஆனால், 'உங்களுக்கு' என்னும் சொல் யாரைக் குறிக்கின்றது? தேர்வை எதிர்நோக்கும் மாணவருக்கும், சம்பளம் கிடைக்காமல் மூன்று மாதம் வேலை செய்யும் தொழிலாளிக்கும் அழுத்தம் ஒன்றன்று. கேட்போரை வரையறுக்காத துணைத்தலைப்பு இங்கு மிகைபடக்கூறலாகிவிடுகின்றது.

எமிலி நகோஸ்கி, அமேலியா நகோஸ்கி என்னும் இரட்டைச் சகோதரியர் 2019இல் வெளியிட்ட 'பர்ன்அவுட்' நூலில் குறை வேறு வகையானது. பெண்கள் சுமக்கும் எதிர்பார்ப்புகளையும் அவற்றுக்குக் காரணமான சமூக அமைப்பையும் அந்நூல் விரிவாகப் பேசுகின்றது. துணைத்தலைப்போ, அழுத்தச் சுழற்சியைத் திறக்கும் இரகசியம் என்று மட்டும் கூறுகின்றது. நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் துணைத்தலைப்பில் இல்லை. இது குன்றக்கூறலாகும். அத்துடன், 'இரகசியம்' என்னும் சொல் நூலின் நேர்மையான உள்ளடக்கத்தைவிட மலிவான ஒன்றை எதிர்பார்க்கச் செய்கின்றது.

தமிழில் எழும் சொற்சிக்கல்

தமிழில் துணைத்தலைப்பிடுவோர் முதலில் சந்திப்பது சொல் பற்றிய சிக்கலாகும். ஹான்ஸ் செல்யே 1936இல் தம் முதல் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டு, பின்னர் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லை உடலியலில் நிலைபெறச் செய்தார். இயற்பியலில் இதே சொல்லைத் தமிழ்ப் பாடநூல்கள் தகைவு என வழங்குகின்றன. உளவியலில் மன அழுத்தம், மன உளைச்சல், மன இறுக்கம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பேச்சுவழக்கிலோ 'டென்ஷன்' என்பதே வழக்கு. இதனுடன், அழுத்தம் என்னும் சொல்லுக்குத் தமிழில் உறுதி என்னும் பொருளும் உண்டு. 'அழுத்தந்திருத்தமாகப் பேசினார்' என்பது பாராட்டு; 'அழுத்தக்காரர்' என்பது மனத்தில் உள்ளதை வெளியிடாதவரைக் குறிக்கும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது, 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல் நாளிதழ்களிலும் நூல்களிலும் இருவேறு நிலைகளுக்கு வழங்கப்படுவதாகும். வேலைச்சுமையால் எழும் நெருக்கடியும், மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வு நோயும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மலாய்மொழி முன்னதைத் 'தெக்கானான்' என்றும் பின்னதைக் 'கெமுருங்ஙான்' என்றும் பிரித்துரைக்கின்றது. மலேசிய சுகாதார நிலையங்களில் பயன்படும் 21 வினாக்கள் கொண்ட 'டாஸ்' வினாநிரலும் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் ஆகிய மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் ஏழு வினாக்கள் வீதம், தனித்தனியே அளக்கின்றது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டோருள் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 இலட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்ததைக் காட்டியது. அத்தகைய ஒருவர், மன அழுத்தத்திலிருந்து முழு விடுதலை தருவதாக உறுதிகூறும் நூலை வாங்குகின்றார் எனக் கொள்வோம். அதிலுள்ள மூச்சுப்பயிற்சிகளைச் செய்தும் அவருக்குத் தேறுதல் இல்லை. அப்போது அவர் நூலைக் குறைகூறுவதைவிடத் தம்மையே குறைகூறிக்கொள்ள வாய்ப்பு அதிகம். 'எல்லாருக்கும் பலித்தது எனக்குப் பலிக்கவில்லையே' என்னும் எண்ணம் நோயை மேலும் வளர்க்கும். மருத்துவரிடம் செல்லும் நாளும் தள்ளிப்போகும். மயங்கவைத்தல் என்னும் குற்றம் இங்கு இலக்கணக் குற்றத்தோடு நின்றுவிடுவதில்லை.

தேர்வு முறை

கற்பனையாக ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். 'சுமையும் தோளும்' என்பது அதன் தலைப்பு. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்வோரின் அழுத்தம் பற்றியது அதன் உள்ளடக்கம். அதற்கு மூன்று துணைத்தலைப்புகள் முன்மொழியப்படுகின்றன எனக் கொள்ளலாம்.

முதலாவது, 'மன அழுத்தத்தை அடியோடு ஒழிக்கும் அற்புத இரகசியங்கள்'. இது கண்ணை ஈர்க்கும். ஆனால் பயனை மிகைப்படுத்துகின்றது, கேட்போரைச் சுட்டவில்லை, நூறு நூல்களின் அட்டையில் இடம்மாற்றி வைத்தாலும் பொருந்தும் என்பதால் கூறியது கூறலுமாகும்.

இரண்டாவது, 'மன அழுத்தம்: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், ஒரு பார்வை'. இதில் பொய்யில்லை, ஆயினும் உயிரும் இல்லை. தேர்வுக்கான விடைத்தாள்போல் தோன்றும் இதனைச் சோர்ந்திருக்கும் வாசகர் விரும்பி எடுக்கமாட்டார்.

மூன்றாவது, 'இரவு வேலை செய்வோர் உறக்கத்தையும் நிதானத்தையும் மீட்க எளிய பயிற்சிகள்'. இதில் கேட்போர் தெளிவு, பயன் அளவானது, வழியும் புலனாகின்றது. 'மன அழுத்தம்' என்னும் சொல்லே இல்லாமல் அழுத்தத்தின் அடையாளங்களான உறக்கமின்மையும் நிதானமிழப்பும் சுட்டப்படுவதால் சொல்மயக்கத்துக்கும் இடமில்லை. தம் நிலையை ஒருவர் அட்டையிலேயே அடையாளம் காண்பதைவிடப் பெரிய கவர்ச்சி வேறில்லை எனலாம்.

இதற்குப் பதிப்பாளர் தரப்பில் மறுப்பு எழக்கூடும். அடக்கமான துணைத்தலைப்பு விற்காது என்பதும், நம்பிக்கை ஊட்டுவதே பாதி மருந்து என்பதும் அவர்கள் வாதமாகலாம். இவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. சோம. வள்ளியப்பன் உணர்வுசார் நுண்ணறிவு பற்றிய தம் நூலுக்கு 'இட்லியாக இருங்கள்' எனத் தலைப்பிட்டது, தமிழ் வாசகர் புதுமையை வரவேற்பர் என்பதற்குச் சான்றாகும். ஆயினும் புதுமைக்குரிய இடம் தலைப்பாகும். தலைப்பு எவ்வளவு தாவினாலும் துணைத்தலைப்பு நிலத்தில் காலூன்றி நிற்றல் வேண்டும். நம்பிக்கையும் நிறைவேறக்கூடிய அளவில் ஊட்டப்படும்போதே மருந்தாகும்.

முடிவுரை

மன அழுத்தம் பற்றிய தன்முன்னேற்ற நூலுக்குத் துணைத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தல் விளம்பரப் பணியாக மட்டும் கருதத்தக்கதன்று. நுதலிய பொருளைத் தெளிவாகச் சொல்லுதல், கேட்போரை இனங்காட்டுதல், தரக்கூடிய பயனை மட்டுமே உறுதியளித்தல் என்னும் மூன்றும் அதன் இன்றியமையா உறுப்புகளாகும். இவற்றுடன், அழுத்தத்தையும் மனச்சோர்வையும் வேறுபடுத்தும் சொல்லொழுங்கு தமிழ்ப் பதிப்புலகில் நிலைபெறுதல் வேண்டும். அட்டையில் ஒரு வரியைப் பொறிப்பவர், அவ்வரியை நம்பிப் பணம் தருபவர் எந்த மனநிலையில் வருகின்றார் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், பெரும்பாலான மிகைச்சொற்கள் தாமே உதிர்ந்துவிடும்.