உறுமியும் எந்திரமும்

டெக்னோவில் இனிப் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்ற பேச்சு இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் நடுவே நாகரிகமாகிவிட்டது. 2011-இல் சைமன் ரெனால்ட்ஸ் ‘ரெட்ரோமேனியா’ எழுதியபோது அது ஒரு விமர்சகரின் கவலை. இன்று யாரும் எதிர்க்கேள்வி கேட்காத தீர்ப்பு. டெட்ராய்ட்டும் பெர்லினும் தொண்ணூறுகளின் நடுவிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டன, பிறகு வந்தவர்கள் பழையதைத் தூசி தட்டுகிறார்கள் என்கிறார்கள். நம்மூரிலும் இதே பல்லவிதான்: ரகுமானோடு எந்திர இசையின் புதுமை முடிந்தது, மிச்சமெல்லாம் லூப். புதுமை எந்திரத்தின் வயிற்றிலிருந்து பிறக்கிறது என்று நம்புவதால் வரும் முடிவு இது. எந்திரம் பழசானால் புதுமையும் தீர்ந்துபோகும் அல்லவா? கடந்த ஐம்பது வருடங்களில் நடந்தது நேர் எதிரானது.

தொடக்கம் எல்லோரும் அறிந்ததுதான். கிராஃப்ட்வெர்க்கின் ‘ஆட்டோபான்’ 1974-இல். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் 1980-இல், 909 அடுத்த மூன்று வருடத்தில். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரின் பாடல்களைச் சேர்த்து 1988-இல் இங்கிலாந்தில் வெளியான தொகுப்புத்தான் டெக்னோ என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட், பெர்லினின் பேசிக் சேனல். இதில் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மூவரும் பள்ளியில் படித்தது டெட்ராய்ட்டில் அல்ல, அதற்கு வெளியே பெல்வில் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில். கார் தொழிற்சாலையின் சத்தம்தான் டெக்னோ ஆயிற்று என்பது பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் எத்தனையோ வருடமாக ஓடுகின்றன. அந்தச் சத்தம் தானாக இசையாகிவிடவில்லை. பெல்வில் பையன்களுக்கு வாய்த்தது ராத்திரி வானொலி. எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற அறிவிப்பாளர் ஜெர்மன் சின்தசைசர் இசையையும் கறுப்பர்களின் ஃபங்க் இசையையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் போட்டார். அந்தக் கலப்பைக் கேட்ட காது அவர்களுடையது.

எந்திரத்தின் பங்கு என்ன என்பதற்கு டிபி-303-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. துணைக்கு ஆளில்லாமல் கிட்டார் பழகுகிறவர்களுக்காக, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக ரோலண்ட் செய்த சிறு பெட்டி அது. பேஸ் கிட்டார் போல ஒலிக்கவே இல்லை. விற்காமல் 1984-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டியின் திருகுகளைச் சிகாகோவில் ஃபியூச்சர் குழுவினர் அது ஓடும்போதே திருகிக்கொண்டிருந்தார்கள். 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்தது. ஒரு பெரிய இசைவகையே விலைபோகாத, கைவிடப்பட்ட பெட்டியிலிருந்து கிளம்பியது.

இதே பெட்டியை அதற்கு ஐந்து வருடம் முன்பே பம்பாயில் ஒருவர் வாசித்துவிட்டார். இந்தியாவில் எந்திர இசையின் முதல் வீடு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அங்கே ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் செய்த பதிவுகள் சில வருடங்களில் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பால் பர்காஸ் அந்த நாடாக்களைத் தேடி எடுத்துத் தொகுத்து வெளியிட்டது 2023-இல். அவை சோதனைச்சாலை இசை. ஆட யாரும் இல்லை. பம்பாயில் 303 வாசித்த அந்த ஒருவர், சரண்ஜித் சிங், வேறு ரகம். இந்திப்பட இசைக்குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்து, கல்யாண வீடுகளிலும் வாசித்த தொழில்முறைக் கலைஞர். 1982-இல் ஒரு 808, ஒரு 303, ஒரு ஜூபிட்டர்-8 சின்தசைசர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார்.

அந்தத் தட்டைக் கர்நாடக சங்கீதம் பழகிய காதோடு கேட்க வேண்டும். மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம், பூபாலி மோகனம், யமன் கல்யாணி. 303 பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வெட்டாமல் நழுவிப் போக ஒரு வசதி உண்டு. ரோலண்ட் பொறியாளர்கள் பேஸ் கிட்டார்க்காரரின் விரல் சறுக்கலை மனதில் வைத்து அதை அமைத்தார்கள். சரண்ஜித் சிங்கின் காதுக்கு அது இந்துஸ்தானி இசையில் ‘மீண்ட்’ என்கிற சுர நழுவலாகக் கேட்டது. ஐரோப்பாவில் எவருக்கும் தோன்றாத பயன் அந்தப் பொத்தானுக்குக் கிடைத்ததற்கு இந்த ஒரு காரணம் போதும். தட்டு விற்கவில்லை. டச்சுக்காரர் ஒருவர் டெல்லியில் அதைக் கண்டெடுத்து 2010-இல் மறுபடி வெளியிட்டதும், ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியரா?’ என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் பரபரத்தன. பயனற்ற பரபரப்பு. சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதே இல்லை, அவரும் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் செய்தது அதைவிடப் பெரியது: அந்நியப் பெட்டிக்குத் தன் வீட்டு இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்தார். 2015-இல் காலமான அவருக்குத் தமிழில் நல்லதொரு அஞ்சலிக் கட்டுரை வந்து நான் பார்த்ததில்லை.

தமிழில் இந்தக் கதை சினிமாவுக்குள் நடந்தது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ இரண்டிலும் இளையராஜா சீக்வென்சரை வைத்துச் செய்தவை இன்றும் வாடவில்லை. ஆனால் அவருக்கு எந்திரம் இன்னொரு வாத்தியம். வயலின் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், அவ்வளவுதான். 1992-இல் ரகுமானின் ‘ரோஜா’ வந்தபோது நாற்காலி வரிசையே கலைந்தது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிய பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும் முறை போய், ஒவ்வொரு வாத்தியமாகப் பதிந்து அடுக்கும் முறை வந்தது. அடுத்த இரண்டு வருடங்கள் தமிழ் எந்திர இசையின் மிகத் துணிச்சலான காலம் என்பது என் கணிப்பு. ‘திருடா திருடா’வில் எந்திரம் உச்சத்தில் இருக்கும்போதே, ‘ராசாத்தி’ பாட்டில் எல்லா வாத்தியத்தையும் தூக்கிவிட்டு சாகுல் ஹமீதின் குரலையும் கோரஸையும் மட்டும் நிறுத்தினார் ரகுமான். அடுத்த வருடம் ‘காதலன்’. எந்திரத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரிடம்தான் அது முழு பலத்தோடு வேலை செய்யும்.

ரகுமான் முறையின் விளைவு ஒன்றை அவருடைய அன்பர்கள் பேசுவதில்லை. அடுக்கும் முறையில் தாளக்காரர் தனியறையில், காதில் கிளிக் சத்தத்தைக் கேட்டபடி வாசிக்க வேண்டும். தவில்காரர் தன் சோடித் தவில்காரரின் முகத்தைப் பார்த்து நடையை மாற்றுகிற உரிமை போயிற்று. அடுத்து வந்தவர்களுக்கு அந்த ஆளும் வேண்டாமென்றாயிற்று. நாலு அடி பதிந்து வைத்த சாம்பிள் போதும். இரண்டாயிரங்களின் தமிழ்ப் படப்பாடல்களில் பெரும்பகுதி இந்த வறட்சியில்தான் ஓடியது. 2003-இல் ‘குறும்பு’ தொடங்கிவைத்த ரீமிக்ஸ் மோகம் அதன் சோம்பேறித்தனத்தின் உச்சம். அதே காலத்தில் விதிவிலக்காக நிற்பது வித்யாசாகரின் ‘கில்லி’ (2004). ‘அப்படிப் போடு’ பாட்டை யாரும் எந்திர இசை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. குத்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எந்திரத்தின் கிக் அடியையும் மேளத்தின் துள்ளலையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, எது முந்துகிறது என்று சொல்ல முடியாமல் செய்த பாட்டு அது.

இதை இன்னும் தூரம் கொண்டுபோனவர் சென்னைக்காரர் அல்லர். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. ‘அருளர்’ (2005) தொகுப்பை ரோலண்ட் எம்சி-505 என்ற சாதாரணப் பெட்டியில் தொடங்கினார். ‘கலா’ (2007) தொகுப்புக்காகச் சென்னை வந்து உறுமி மேளக்காரர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பதிந்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் உறுமி ஓரத்து அலங்காரம் அல்ல. பாட்டின் முதுகெலும்பே அதுதான். எந்திரம் அதன் பின்னால் ஓடி வருகிறது. தமிழ் எந்திர இசையில் ரகுமானுக்குப் பிறகு நடந்த ஒரே பெரிய திருப்பம் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம் இசை விமர்சகர்கள் அவருடைய அரசியலைப் பற்றிப் பத்திபத்தியாக எழுதினார்கள். அந்த உறுமியைப் பற்றி எழுதினார்களா?

பிறகு வந்தவர்களில் சந்தோஷ் நாராயணனை மதிக்கிறேன். ‘அட்டகத்தி’யில் (2012) கானாவை மெருகேற்றாமல் விட்டதும், ‘ஜிகர்தண்டா’வில் (2014) மதுரைத் தெருவுக்குக் கரகரத்த எந்திர ஒலியைப் பொருத்தியதும் சாதாரண காரியமல்ல. 2018-இல் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு பறையையும் ராப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தி, யாருடைய இசை மேடைக்கு உரியது என்ற கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டது. ஆனால் அங்கும் சொல்தான் தலைவர். படமென்றால் காட்சிக்கு, இயக்கமென்றால் கருத்துக்கு என்று தாளம் எப்போதும் யாருக்கோ சேவகம் செய்கிறது. மூன்றரை நிமிடத்துக்குள் பல்லவி, சரணம், ஒரு ‘டிராப்’, கடைசி அரை நிமிடத்தில் ஊர் மணத்துக்குக் கொஞ்சம் பறை. இன்றைய பெரிய படப்பாடல்களின் இந்த வாய்பாடு உறுமியை ஊறுகாயாக்கிவிட்டது.

வெளியே புதுமை நின்றுவிட்டதா? தான்சானியாவின் தார் எஸ் சலாமில் சிங்கெலி என்ற இசை நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல் பறக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குடியிருப்புகளில் கோம், லிஸ்பனின் புறநகரில் அங்கோலா வழிவந்த இளைஞர்களின் இசை எல்லாம் இந்த நூற்றாண்டில் முளைத்தவை. மலிவான கணினிதான் எல்லோருக்கும் கருவி. தனி ஒருவரைச் சொல்லச் சொன்னால் ஜிலினைச் சொல்வேன். அமெரிக்காவின் கேரி என்ற எஃகு ஆலை நகரத்துப் பெண், அந்த ஆலையிலேயே வேலை பார்த்தவர். சிகாகோவின் ஃபுட்வர்க் ஆட்ட இசையிலிருந்து கிளம்பி, 2015-இல் ‘டார்க் எனர்ஜி’, 2017-இல் ‘பிளாக் ஒரிகாமி’ வெளியிட்டார். டெக்னோவின் அடையாளமான சீரான நாலடிக் கிக்கை எடுத்துப் போட்டுவிட்டு, மூன்றும் நாலும் பின்னி ஓடும் தாளங்களை மட்டும் வைத்துக் கட்டடம் எழுப்பினார். அவருடைய ‘பெர்ஸ்பெக்டிவ்’ 2023-இல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிச்சுற்று வரை போனது. எல்லாம் முடிந்துவிட்டது என்று ரெனால்ட்ஸ் புத்தகத்தைக் காட்டுகிறவர்கள் அது வந்த பிறகு தோன்றிய இவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஜிலின் தொட்ட மூன்றும் நாலும் நமக்குத் திஸ்ரமும் சதுஸ்ரமும். நம்மிடம் இல்லாததா? விருதுநகர் மாவட்டத்தில் ராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்ற உறுமி வகைத் தோல்கருவி ஒன்று, அதன் அடிக்கு வரிசையாக நின்று ஆடுகிறவர்களின் கால்கள், அவ்வளவே. கதை சொல்லாது, சரணத்துக்குக் காத்திராது. அடி மாறினால் கால் மாறும். டெக்னோ தேடி அடைந்த இடத்தில் இந்த ஆட்டம் வெகு காலமாக நிற்கிறது.

உறுமியை அருகில் வைத்துக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலப்பக்கத் தோலில் நேர்க்குச்சி அடிக்கும்; இடப்பக்கத் தோலை வளைந்த குச்சி அழுத்தித் தேய்க்கும். தேய்ப்பின் அழுத்தம் ஏற ஏற ஒலி சுரம்விட்டுச் சுரம் வழுக்கி ஏறி, ஒரு கணம் தொண்டை அடைத்தது போல நின்று, அடியோடு சேர்ந்து விழும். 303-இன் நழுவலும் அழுத்தமும் இதே இரண்டு அசைவுகள்தாம். பெட்டியில் அவை பதினாறு கட்டங்களுக்குள் அடங்கியவை. உறுமியில் ஒவ்வொரு சுற்றும் மயிரிழை முன்பின்னாக வரும். ஆடுகிறவன் களைத்தால் வாசிக்கிறவன் இழுத்துப் பிடிப்பான், வெறி ஏறினால் விட்டுக்கொடுப்பான். எந்த மென்பொருளும் இந்தப் பேரத்தை இன்னும் கற்கவில்லை. கற்பிக்கிற ஆள் யாரோ, அவரே அடுத்த முன்னோடி.

அந்த ஆள் வருவதற்கு இடம் எது? பிளவக்கல் அணைக்குக் கீழே வத்திராயிருப்பு, கூமாபட்டி பக்கத்து அம்மன் கோயில் பொங்கல்களில் இரண்டு ஒலிகள் இருக்கின்றன. முளைப்பாரி ஊர்வலத்தின் முன்னே நையாண்டி மேளம். பின்னே வண்டியில் ஆளுயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கிய மைக்செட். மைக்செட்டில் கணினியோடு நிற்கிற பையன் படப்பாட்டுகளின் வேகத்தைக் கூட்டி, கிக்கைத் தடிமனாக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் போடுகிறான். கூட்டத்தின் கால் எப்போது தளரும், எப்போது துள்ளும் என்று அவனுக்குத் தெரியும். டெட்ராய்ட் டிஜேக்கள் பழகிய கல்வி அதுதான். மேளம் நிற்கும்போது மைக்செட் பாடும், மைக்செட் நிற்கும்போது மேளம் முழங்கும். இரண்டும் சேர்ந்து ஒலிப்பதே இல்லை. மேளக்காரர்கள் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் இடைவெளியில் அந்தப் பையன் ஒரு மைக்கை அவர்களுக்கு நேராகத் திருப்பி, வருகிற அடியை உடனுக்குடன் தன் பெட்டிக்குள் வாங்கி, அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம். அதற்கான கருவி அவன் மேசையிலேயே இருக்கிறது. யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டாலும், மேளத்துக்கு ஒரு கூலி, மைக்செட்டுக்கு ஒரு வாடகை என்று பேசி முடித்த விழாக் கமிட்டி இரண்டையும் ஒரே மேடையில் சமமாக நிறுத்தத் தயங்கும். தப்படிக்கிறவர்களைச் சாதி பார்த்து ஒதுக்கி நிறுத்துகிற ஊர்களில் இந்தத் தயக்கத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவிலும் நாதசுரமும் தேவாரமும் கற்றுத் தருகிறார்கள். அங்கே தவில் வகுப்புக்குப் பக்கத்து அறையில் ஒரு டிரம் மெஷினும் ஒரு கணினியும் வைப்பது பெரிய செலவல்ல. அகமதாபாத்தில் 1969-இல் இறக்கிய மூக் அந்தக் காலத்தில் இதைவிடப் பல மடங்கு விலை. உறுமிக்கும் தப்புக்கும் அங்கே ஆசிரியர் பணியிடம் வேண்டும், பதிவில் வாசிக்கிறவர்களின் பெயர் தட்டின் முகப்பில் வர வேண்டும், படத்துக்குச் சம்பந்தமில்லாத, சொல்லில்லாத அரைமணி நேர ஆட்ட இசைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மாலைப் பொழுது கிடைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி அணைய வேண்டும் என்பது சட்டம். ஆறரைக்குத் தொடங்கினால் மூன்றரை மணி நேரம் இருக்கிறது.