சம்பளம் பிடிப்பாங்களா? – ஓசுவின் அதாமி

ஜப்பான் போய்வந்தவர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு நாள் தவறாமல் வரும். டோக்கியோவில் போட்டிருந்த திட்டம் ஏதோ காரணத்தால் சொதப்பிவிடும். கிடைத்த ரயிலில் ஏறுவார்கள். காமகுரா, இல்லையென்றால் எனோஷிமா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல், சின்ன ஸ்டேஷன், 'ஸ்லாம் டங்க்' அனிமேயில் பார்த்த அதே ரயில்வே கிராசிங். கடைசியில், திட்டமே போடாத அந்த நாள்தான் இருப்பதிலேயே நல்ல நாள் என்று முடியும். இந்த வகையைக் கிண்டலடிக்க நான் வரவில்லை. கிடைத்தால் விடாமல் படிப்பவன்தான். ஆனால் திட்டமில்லாமல் ஒரு நாளைச் செலவழிக்க, முதலில் அந்த நாள் நம்ம கையில் இருக்கணும். அது கையில் இல்லாதவர்கள் கடற்கரை ஊருக்குப் போனால் எப்படி இருக்கும் என்பதை யசுஜிரோ ஓசு 1953-லேயே எடுத்துவிட்டார். படம் 'டோக்கியோ ஸ்டோரி'.

கதை தெரிந்ததுதான். ஹிரோஷிமா பக்கம் ஒனோமிச்சி என்கிற துறைமுக ஊர். அங்கிருந்து வயதான ஷுகிச்சியும் தோமியும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மூத்தவன் கொய்ச்சி புறநகரில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். மகள் ஷிகேவுக்கு பியூட்டி பார்லர். போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிகோ ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் தோமி இறந்துபோகிறாள்.

நன்றிகெட்ட பிள்ளைகள், தங்கமான மருமகள் என்று இந்தப் படத்தை நாம் சுலபமாகப் பார்த்துவிடுகிறோம். நம் சினிமா பழக்கிவிட்ட பார்வை அது. நம்மிடம் பிள்ளை ஒன்று வில்லன், இல்லையென்றால் 'தவமாய் தவமிருந்து' மாதிரி திருந்தி வந்து அப்பா அம்மாவைத் தாங்குகிறவன். இரண்டிலும் கண்ணீருக்கு இடம் உண்டு. பிள்ளைக்கு அன்றைக்கு டூட்டி உண்டா இல்லையா என்ற கேள்விக்குத்தான் இடமே கிடையாது.

அந்தக் கேள்வியை என் பெரியம்மா கேட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் தையல் மிஷினில் உட்கார்ந்து அப்பர் தைத்தது. சப்டைட்டில் படிக்க வராது, நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமனார் மாமியாரை ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்ட முடியுமா என்று ஷிகே, நோரிகோவின் ஆபீசுக்கு போன் செய்கிறாள். நோரிகோ எழுந்து மேலதிகாரியிடம் போய் மறுநாள் லீவு கேட்கிறாள். அவர் சரி என்கிறார். மொத்தமே ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. பெரியம்மா திரும்பி, "ஏம்பா, அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு சம்பளம் புடிப்பாங்களா?" என்றது.

எனக்குப் பதில் தெரியவில்லை. படமும் சொல்வதில்லை. ஆனால் கேள்வி விழுந்த பிறகு படம் எனக்கு வேறு மாதிரி அடுக்கிக்கொண்டது. டோக்கியோ வந்த பிறகு மூன்று வெளியூற்றங்கள் பேச்சில் வருகின்றன. முதலாவது ஞாயிற்றுக்கிழமை, பேரன்களோடு போக முன்கூட்டியே முடிவு செய்தது. எல்லோரும் கிளம்பி நிற்கும்போது கொய்ச்சிக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போகவேண்டி வருகிறது, அதோடு சரி. திட்டம் போட்ட ஒரே பயணம் நடக்கவே இல்லை. இரண்டாவது நோரிகோவோடு ஹாத்தோ பஸ்ஸில் நகரம் சுற்றுவது. உயரமான ஒரு கட்டிடத்தில் நின்று, அண்ணன் வீடு அந்தத் திசை, அக்கா வீடு இந்தத் திசை என்று காட்டுகிறாள். மூன்றாவதுதான் அதாமி. கடலோர வெந்நீர் ஊற்று ஊர். கிழவனும் கிழவியும் நோரிகோவின் ஒற்றை அறையில், பக்கத்து வீட்டில் வாங்கிவந்த சாக்கேயும் சாப்பாடுமாக உட்கார்ந்திருக்கும்போதே, இங்கே ஷிகேவும் கொய்ச்சியும் விசிறிக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். ஆளுக்குப் பாதி போட்டு அதாமிக்கு அனுப்பிவிட்டால் நமக்கும் மிச்சம், அவர்களுக்கும் ஓய்வு.

ஆக, நடந்த இரண்டு பயணமுமே திடீர்ப் பயணம்தான். ஒன்றுக்கு ஒருத்தி தன் நாளைக் கொடுத்தாள். இன்னொன்றுக்கு இரண்டு பேர் பணம் கொடுத்தார்கள்.

இந்த வித்தியாசத்துக்கு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் யாருக்கும் உரை எழுத வேண்டாம். விடிந்ததும் கிராமம் கிராமமாக கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பரைக் கையால் தைப்பவர்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. ஊசி நின்றால் காசும் நின்றது. கடல் ஒன்றும் எட்டாத தூரமில்லை. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்னை, சாயங்காலம் அதிலேயே திரும்பலாம், நடுவில் மெரினா. (பாலாறே வயலூர் பக்கம் போய்க் கடலில் கலக்கிறது என்று பள்ளியில் படித்தோம். எங்கள் ஊரில் பெரும்பாலும் நாங்கள் பார்த்தது மணலை.) டிக்கெட் விலை பெரிய விஷயமில்லை. கூட வருகிறவர் ஒரு நாளை எங்கிருந்து வெட்டி எடுப்பார் என்பதுதான் விஷயம். அதனால்தான் பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ செட்டில் ஆனதும் அப்பா அம்மாவை டூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். ஷிகேவைப் பார்த்து இங்கே யாரும் அதிர்ச்சியாகப் போவதில்லை.

அதாமிக் காட்சிகளில் ஓசு யாரையும் திட்டுவதில்லை, அதுதான் வலிக்கிறது. முதலில் கடலைப் பார்த்து இருவருக்கும் சந்தோஷம். ராத்திரியானதும் விடுதி முழுக்க இளவட்டம். மாஜோங் ஆட்டம், பாட்டு, சிரிப்பு. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி செருப்பு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் ஒரு ஷாட் வருகிறது. உள்ளே இரண்டு பேர் தூங்காமல் புரள்கிறார்கள். செருப்பை வைத்து ஆளைச் சொல்வது எங்கள் ஊர்க்காரனுக்கு உடனே பிடிபடும், அந்த ஷாட்டில் நான் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை கடல் தடுப்புச் சுவரில் இருவரும் யுகாத்தாவோடு, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் போய்விடலாமா என்று பேச்சு வருகிறது. யார் மேலும் குறை இல்லை. எழுந்திருக்கும்போது தோமிக்குத் தலை சுற்றுகிறது, ஒரு கணம்தான். அப்புறம் நடக்கிறார்கள். அவள் சாவு படத்துக்குள் நுழைவது அங்கேதான், எந்த இசையும் அதை அறிவிப்பதில்லை.

எழுதுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று: இவர்கள் ஒனோமிச்சிக்காரர்கள். வாழ்நாள் முழுக்கப் படகு சத்தத்தில் இருந்தவர்கள். அவர்களைத்தான் கடல் பார்த்துவிட்டு வாங்க என்று அனுப்புகிறார்கள். ஆம்பூர்க்காரரை சென்னைக்கு வரவழைத்து ஓட்டலில் பிரியாணி வாங்கிக் கொடுக்கிற மாதிரி. அவர்களுக்குப் பார்க்க வேண்டியிருந்தது பிள்ளைகளை.

பல நாள் தங்க அனுப்பப்பட்டவர்கள் ஒரே ராத்திரியில் திரும்பி வர, ஷிகேவின் வீட்டில் அன்றைக்குத் தொழில்காரர்கள் கூட்டம். இடமில்லை. தோமி போய்ப் படுத்துக்கொள்வது மறுபடியும் நோரிகோவின் அறையில்தான்.

இங்கே ஓசுவோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. செட்சுகோ ஹாராவின் புன்னகையை நம்பி, நோரிகோவுக்கு எல்லாவற்றையும் சுலபமாக்கிவிடுகிறார். கேட்ட உடனே லீவு. முகம் சுளிக்காத முதலாளி. எங்கள் பக்கத்து மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ அப்படிப் போய் நின்று பாருங்கள். கொய்ச்சியின் நோயாளிக் குழந்தை கதைக்குள் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை விழுங்குகிறது, ஷிகேவின் வாடிக்கையாளர்கள் தலையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நோரிகோவின் வேலைக்கு மட்டும் அந்த எடை கிடையாது. அந்த எடையையும் கொடுத்திருந்தால் அவள் தேவதையாகத் தெரிந்திருக்க மாட்டாள். நான் நல்லவள் இல்லை என்று கடைசியில் மாமனாரிடம் அவளே மறுப்பதை நாம் அடக்கம் என்று தள்ளிவிடாமல் காதுகொடுத்துக் கேட்டிருப்போம்.

சாவுக்குப் பிறகு கொய்ச்சியும் ஷிகேவும் சீக்கிரமே ரயில் ஏறுகிறார்கள். நோரிகோ இன்னும் சில நாள் இருந்துவிட்டு, வேலை இருக்கிறது, போகணும் என்கிறாள். ஷுகிச்சி உள்ளே போய் தோமியின் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துவந்து அவளிடம் கொடுக்கிறார். பெரியம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது, அந்தப் பொண்ணு இதுவரைக்கும் எத்தனை நாள் லீவு போட்டிருக்கும் என்று.