கல்லணை என்னும் ஒரு சொல்

பொய்யான செய்திகளை நம்புவோரே பிழையான முடிவுகளுக்கு வருகின்றனர் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மெய்யெனக் கொள்ளத்தக்க கூற்றுகளும் தம்முள் இணையும்போது பிழையைப் பயப்பதுண்டு. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தர்க்கவியல் குறித்து இயற்றிய ‘மிஃயாருல் இல்ம்’ என்னும் நூலில், பலரும் ஏற்றிருப்பதனாலேயே ஐயமற்றவையாகத் தோன்றும் முற்கூற்றுகளை ‘மஷ்ஹூராத்’ எனத் தனி வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு சொல் இரண்டு முற்கூற்றுகளில் இருவேறு பொருளில் வருமாயின் அவற்றிடையே உள்ள இணைப்பு அறுந்துவிடும் என்பதும் தர்க்கவியலார் வலியுறுத்தும் விதியாகும். இவ்விரண்டுக்கும் ஒருங்கே சான்றாக நிற்பது காவிரிப் படுகையின் கல்லணை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்த மேலணையில் மதகுகள் சரியத் தொடங்கின. ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836இல் எழுந்த அணை அது. அடுத்த சில நாள்களில் படுகையெங்கும் ஒரு வாதம் பரவிற்று: கரிகாலன் கல்லணையைக் கட்டினான்; கல்லணை இன்றும் நிற்கிறது; வெள்ளையர் கட்டியதோ 182 ஆண்டுகளில் உடைந்தது; ஆகவே நம் முன்னோர் கட்டியது தானே நிற்கும், பிறர் கட்டியது நில்லாது. தஞ்சை மாவட்டத்துச் சிறுவனும் முன்னைய மூன்று கூற்றுகளையும் தயக்கமின்றிச் சொல்வான். அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவு பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதற்கூற்றை எடுத்துக்கொள்வோம். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, அவன் காட்டைத் திருத்தி நாடாக்கியதையும் குளங்கள் அமைத்ததையும் பேசுகிறது. காவிரியில் அணை எழுப்பியதைப் பேசவில்லை. அவன் காவிரிக்குக் கரை கண்டான் என்பது தெலுங்குச் சோழரின் மாலேபாடு செப்பேட்டிலும், பின்னர் முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் காணப்படும் மரபு. கரை என்பது வேறு, அணை என்பது வேறு. இலக்கியத்தின் மௌனத்தைக் கொண்டு கரிகாலன் அணை கட்டவில்லை என்று தீர்ப்பளிப்பதும் அதேயளவு அவசரமாகும். மரபை மரபாக ஏற்பதில் தடையில்லை. அதனை அளந்தறிந்த உண்மைபோல் அடுத்த கூற்றுக்கு அடித்தளமாக்குவதே தவறு.

இரண்டாம் கூற்றில்தான் சொல் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. பழைய கல்லணை, பாறைகளைக் களிமண்ணோடு ஆற்று மணலில் பதித்து, வளைந்த வடிவில் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளத்துக்கு அமைக்கப்பட்ட ஒரு திண்டு. திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில், தாழ்ந்த படுகையுடைய கொள்ளிடத்தை நோக்கிக் காவிரி நீர் வழிந்தோடாமல் தடுத்து, தஞ்சை வயல்களின் பக்கம் திருப்பியது அதன் பணி. பெருவெள்ளம் அதன்மேல் வழிந்து கொள்ளிடம் சேரும். இன்று பயணிகள் நின்று வியக்கும் மதகு வரிசைகளோ அவ்வளவு பழையவை அல்ல. பழைய அணையை 1804ஆம் ஆண்டளவில் கால்டுவெல் என்னும் பொறியாளர் உயர்த்தினார். 1830ஐ ஒட்டிக் காட்டன் மணற்போக்கிகளை அமைத்தார். 1839இல் அதன்மீது பாலம் எழுந்தது. காவிரி, வெண்ணாற்றுத் தலைமதகுகள் 1880களைச் சேர்ந்தவை. கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. ‘கரிகாலன் கட்டிய கல்லணை’ என்பதிலும் ‘இன்று நிற்கும் கல்லணை’ என்பதிலும் பெயர் ஒன்றே, பொருள் ஒன்றன்று.

மூன்றாம் கூற்றும் இவ்வாறே நெகிழ்கிறது. ஆழம் காணவியலாத மணலில் அடித்தளம் நிறுத்தும் வித்தையை இந்நாட்டுப் பழைய அணையிடமிருந்தே தாங்கள் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். மேலணையும், பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையும் அக்கல்வியின் மேல் எழுந்தவை. தவிரவும், முக்கொம்பில் சரிந்த மதகுகள் காட்டனின் அணைமீது பிற்காலத்தில் பொருத்தப்பட்டவை. அந்நியர் அணை நம்மவர் அறிவின்மீது நின்றது. நம்மவர் அணை அந்நியர் காலத்துச் செப்பத்தால் நிலைபெற்றது. ‘நமது’, ‘பிறரது’ என்னும் பிரிவு இங்கே எதனையும் விளக்கவில்லை.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என ஒதுக்கிவிட இயலாது. 2018இல் கொள்ளிடத்தில் அளவின்றி மணல் அள்ளப்பட்டதே சரிவுக்குக் காரணம் என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். எந்தச் செப்பம் எப்போது தவறிற்று, மதகுகளை யார் எப்போது சோதித்தனர், படுகை எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பன போன்ற வினாக்களே அவ்வேளையில் எழுந்திருக்க வேண்டும். முன்னோர் பெருமையைப் பேசிய வாதம் அவ்வினாக்களின் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டது. நல்ல கட்டுமானம் தானே நிற்கும் என்று நம்புகிறவன் அதனைப் பேணமாட்டான்.

இதே படுகைதான் ‘குடிமராமத்து’ என்னும் சொல்லையும் பேணி வந்திருக்கிறது. ஆண்டுதோறும் நீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்கால் தூர்வாரி, கரை உயர்த்திய வழக்கம் அது. எந்த அணையும் தானே நிற்பதில்லை என்பதை அவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் அறிந்திருந்தனர். கல்லணையைப் பற்றி நாம் பெருமை கொள்வதாயின், அதனைக் கட்டிய ஒரு மன்னனோடு, பெயர் தெரியாமல் தலைமுறைதோறும் அதனைப் பழுதுபார்த்து வந்தவர்களையும் அப்பெருமையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.